777 போட்டால் ஓடும், ஆனால்...

காவடி முடிந்த மறுநாள், மொரீஷியஸின் எபேனில் என் அலுவலகத்துக்குக் கோயில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் போன். தைப்பூசப் படங்கள் ஏறவில்லையாம். நான் மீட்டிங்கில் இருந்தேன். சாயங்காலம் அழைத்தால், "லி பே மார்சே, அண்ணா!" என்கிறார் கிரியோலில். ஓடுகிறது! எங்கோ பார்த்து மொத்தத் தளத்துக்கும் சிஎச்மாட் 777 (chmod, லினக்ஸில் ஃபைல் பெர்மிஷனை மாற்றும் கட்டளை) போட்டிருக்கிறார். மூன்றாவது வாரம் காவடிப் படங்களுக்கு நடுவே சூதாட்டப் பக்கங்களும் ஓடின.

ஃபைலைப் படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. 777-இல் முதல் எண் உரிமையாளருக்கு, அடுத்தது குரூப்புக்கு, கடைசி மற்ற எல்லாருக்கும். அந்த 'மற்ற எல்லாரில்' வெப் சர்வரை ஓட்டும் யூசரும் உண்டு. தளத்தில் சேர்த்த பழைய பிளக்இன் (கூடுதல் நிரல்) ஓட்டை வழியாக நுழைகிறவனுக்குக் கிடைப்பது அந்த யூசரின் கைதான். 777 போட்ட தளத்தில் அந்தக் கை எட்டாத ஃபைலே கிடையாது.

உரிமையாளரையும் பெர்மிஷனையும் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் (ls -l) அடித்துப் பார்த்தோம். படம் ஏற வேண்டிய ஃபோல்டர், சர்வரில் முழு அதிகாரமுள்ள ரூட் யூசர் பெயரில் இருந்தது. அவ்வளவுதான் கோளாறு! பெர்மிஷனைத் திறந்துவிட வேண்டிய இடமில்லை, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் (chown) போட வேண்டிய இடம். பேக்கப்பிலிருந்து தளத்தை முதலில் மீட்டோம், ஏனென்றால் கதவை மூடினால் உள்ளே வந்தவன் வெளியே போய்விடுவதில்லை. பிறகு உரிமையாளர் தம்பி, குரூப் வெப் சர்வர். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. படம் ஏறும் ஃபோல்டருக்கு மட்டும் 2775. முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாக வரும் ஃபைலையும் அதே குரூப்பில் சேர்த்துவிடும். அந்த ஃபோல்டரில் பிஎச்பி நிரல் ஓடாதபடியும் நிறுத்தினோம்.

ரூட் பாஸ்வேர்ட் கமிட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு வியர்த்தது. லாகில் எல்லாம் 'ரூட்' செய்ததாக இருந்தால் யாரைக் கேட்பது? ஆளுக்கொரு அக்கவுண்ட், தேவைப்படுகிறவருக்கு மட்டும் ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட சூடோ (sudo). ஒருவரைக் குரூப்பில் சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜிக்கு முன் சின்ன ஏ வேண்டும் (usermod -aG). அதை விட்டால் பழைய குரூப்கள் எல்லாம் போய்விடும். என் முதல் வேலையில் இப்படித்தான் என்னையே சூடோ குரூப்பிலிருந்து நீக்கிக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு ரெஸ்க்யூ மோடில் போய்ச் சரிசெய்தது இன்னும் மறக்கவில்லை.

முன்னாள் செயலாளரின் அக்கவுண்டை எப்போதோ நீக்கிவிட்டார்கள், ஃபைல்கள் மட்டும் அவருடைய வெறும் யூசர் எண்ணின் பெயரில் நிற்கின்றன. அதே எண் நாளை புது யூசருக்குப் போனால் அவையும் அவருக்கே. இப்படி உரிமையாளர் இல்லாத ஃபைல்களை, ஃபைண்ட் கட்டளையில் நோயூசர் (find -nouser) போட்டுத் தேடச் சொல்லியிருக்கிறேன். பட்டியல் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.