வானளாவியும் காட்சி மாடமும்

பெரியம்மா மகன் கோலாலம்பூர் போய்விட்டு வந்தார். எனக்கு அண்ணன் முறை. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டே, "அங்க ரெட்டைக் கோபுரத்துல 86ஆவது மாடியில கண்காணிப்புத் தளம்னு ஒண்ணு இருக்குது. இதே மாதிரிதான்" என்றார்.

"கண்காணிப்புத் தளமாண்ணா? அங்க நின்னு யாரைக் கண்காணிக்கிறாங்க?"

அண்ணன் மேல் தப்பில்லை. அப்சர்வேஷன் டெக் என்பதைப் பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கண்காணிப்பது என்றால் மேற்பார்வை பார்ப்பது, இல்லையென்றால் வேவு பார்ப்பது. ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் ஆட்களை வேலை வாங்கியவர் கங்காணி. கண்காணி என்பதுதான் பேச்சில் அப்படித் திரிந்தது. டிக்கெட் வாங்கி ஊரை வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு அந்த வேலை எதற்கு? காட்சி மாடம் என்றால் போதும்.

மாடத்தை நான் சும்மா இழுத்து வரவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கலங்கரை விளக்கம் வருகிறது. 'வானம் ஊன்றிய மதலை போல', அதாவது வானம் விழாமல் முட்டுக் கொடுத்த தூண் போல நிற்கிறதாம். ஏறுவதற்கு ஏணி சாத்தியிருக்கிறது. உச்சியில் 'விண்பொர நிவந்த வேயா மாடம்': விண்ணை முட்டுகிற மாதிரி உயர்ந்த, கூரை வேயாத மேல்தளம். லிப்ட் ஒன்றுதான் குறை.

சரி, இந்த மாதிரி உயரக் கட்டடத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஸ்கைஸ்கிரேப்பருக்கு வருவோம். 'வானத்தைச் சுரண்டுவது' என்று பொருள். முதலில் இது கட்டடத்தின் பெயரே இல்லை. பாய்மரக் கப்பலில் எல்லாவற்றுக்கும் மேலே கட்டும் சின்னப் பாயின் பெயர். 1789இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கும் இதுதான் பெயர். நெட்டையான ஆளையும் உயரத் தொப்பியையும்கூட இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 1880களில்தான் அமெரிக்காவில் உயரக் கட்டடங்களுக்கு ஒட்டிக்கொண்டது. சிகாகோவில் 1885இல் முடிந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை முன்னோடி என்பார்கள். மொத்தமே பத்து மாடிதான்! ஆனால் பாரத்தில் பெரும்பகுதியைச் சுவருக்குப் பதில் இரும்புச் சட்டகம் தாங்கியது; அதுதான் புதுசு.

ஜெர்மானியர் மேகத்தைச் சுரண்டுகிறார்கள். இந்தியும் மலையாளமும் வானத்துக்கு முத்தமே கொடுத்துவிட்டன: ககன்சும்பி, அம்பரசும்பி. தமிழில் வானளாவி. அளாவுதல் என்றால் எட்டித் தொடுதல், கலத்தல். அளவளாவுவதிலும் இந்த அளாவுதான் இருக்கிறது. 'வானளாவிய கட்டடம்' என்று எப்போதும் நீட்டி எழுத வேண்டியதில்லை, வானளாவி என்றே நிறுத்தலாம். எனக்குச் சுரண்டலைவிட இது பிடித்திருக்கிறது.

கோபுரம் என்ற சொல்லில் மட்டும் எனக்குச் சின்ன உறுத்தல். கோபுரம் வாசல்மேல் எழுவது, அதற்குள் யாரும் ஆபீஸ் நடத்துவதில்லை. ஆனாலும் இரட்டைக் கோபுரம் என்று மலேசியத் தமிழர் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்டது, அதை யார் மாற்றுவது? 88 மாடி, 452 மீட்டர். வெளியே கண்ணாடியும் துருப்பிடிக்காத எஃகும். சேலத்தில் கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலையில் உருட்டித் தகடாக்குகிறார்களே, அந்த இனம். எலும்பு என்னவோ கான்கிரீட்தான். அடியில் கடைகள், மேலே அலுவலகங்கள். இதற்குப் 'பல்பயன்பாட்டுக் கட்டடம்' என்பதெல்லாம் கோப்புத் தமிழ். கீழே கடை, மேலே ஆபீஸ் என்றால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் யாருக்கும் புரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நாம நிக்கிறது?" என்றார் அண்ணன். சேலத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறோம். இரட்டைக் கோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். லிப்டுக்குப் பதில் இருபது கொண்டை ஊசி வளைவு.

"அது சரி, லேடீஸ் சீட்டுக்குத் தமிழ்ல என்ன?"

மகளிர் இருக்கை என்று சொன்னால் பஸ்ஸில் இடம் தேடுவார்கள். லேடீஸ் சீட் அப்படியே இருக்கட்டும் என்றேன்.