யூட்ரோஃபிகேஷன் – மிகையூட்டம்

ஏரி நீர் பச்சைக் குழம்பாவது, ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடுவது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து சாவது: மூன்றும் ஒரே நிகழ்வின் படிகள். நீரில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் தேவைக்கு மேல் சேர்வதே காரணம்.

கிரேக்கத்தில் 'யூ' என்றால் நன்கு, 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். 1907-இல் ஜெர்மனியின் தாவரவியலாளர் வெபர், சதுப்பு நிலங்களைச் சத்தின் அளவைக் கொண்டு பிரிக்க 'யூட்ரோஃப்' என்றார். 1919-இல் ஸ்வீடனின் ஏரி ஆய்வாளர் நௌமன் அதை ஏரிகளுக்கு எடுத்தாண்டார். தமிழில் நேர்ப்பொருளில் 'நல்லூட்டம்' என்று எழுதினால் ஏதோ நன்மை நடப்பதுபோல் ஆகிவிடும். 'தூர்தல்' என்பாரும் உண்டு. அது வண்டல் படிந்து ஏரி மேடாவது, வேறு சிக்கல். 'மிகையூட்டம்' என்பதே பொருந்தும். 'மிகையூட்டமடைந்த ஏரி' என்று சொற்றொடரிலும் இயல்பாக அமர்கிறது.

'மாசு' என்ற பொதுச்சொல் இங்கே போதாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவு கொண்டுவரும் உப்பும் குரோமியமும் நீரைக் கெடுக்கின்றன; பாசிக்கு உணவாவதில்லை. வீட்டுச் சாக்கடை, சோப்புத்தூள் நீர், சாணம், வயல் உரம் ஆகியவையே ஊட்டுகின்றன. இரண்டும் ஒரே வரத்துக் கால்வாயில் வரலாம். மருந்து வேறு.

நன்னீரில் பெரும்பாலும் கடிவாளம் பாஸ்பரஸிடம்தான். 1973-இல் கனடாவில் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாசி பெருகி மூடியது பாஸ்பரஸ் இட்ட பாதியில். ஒரு லிட்டர் நீரில் பாஸ்பரஸ் 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் மிகையூட்டம் என்றும், 100-ஐத் தாண்டினால் கடுமையானது என்றும் கணக்கு. 50 கிலோ டிஏபி உர மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அத்தனையும் ஏரிக்குள் போய்ப் பாசியானால், காய்ந்த எடையிலேயே ஒரு டன்னுக்கு மேல் வரும். நட்ட வயலில் உரம் போட்ட மறுநாள் கனமழை பெய்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாசி பகலில் ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். செத்து அழுகும்போது பாக்டீரியா மீதியையும் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும்; வேலூர்க் கோடையில் அதுவும் குறைவு. 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. சூரியன் எழுமுன் அளவு மிகத் தாழ்ந்திருக்கும் என்பதால்தான் சாவு விடியலில் நேர்கிறது.

ஆகாயத்தாமரையை மட்டும் வாரிவிட்டு விழா எடுப்பது பயன் தராது. விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வாரியதை ஏரிக்கரையின் உட்சரிவில் குவித்தால், முதல் மழையிலேயே சத்து மறுபடி உள்ளே. பூக்குமுன் வாரி, கரைக்கு வெளியே கொண்டுபோய் மக்க வைக்க வேண்டும்.

சாக்கடையை நிறுத்தினாலும் ஏரி உடனே தெளியாது. சேற்றில் இரும்போடு பிணைந்திருக்கும் பாஸ்பரஸ், அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் அவிழ்ந்து மேலே வரும். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது வெளியேறுவது மேல்நீர். சேறு அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் ஏரி வற்றும்போது வண்டல் வெட்டி வயலுக்கு அடிக்கும் பழைய வழக்கம் இவ்வளவு மதிப்புள்ளது: சேர்ந்த சத்து நிலத்துக்கே திரும்புகிறது. தோல் கழிவு கலந்த ஏரியானால் மட்டும், வண்டி கட்டுமுன் அந்த மண்ணைக் குரோமியத்துக்குச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.