முற்றா நிலக்கரியா, குறையுக்கலா?

நீர் தேங்கிய நிலத்தில் செத்த செடிகொடி முழுதாய் உக்காமல் சேர்ந்து கிடப்பதை ஆங்கிலத்தில் 'பீற்' (peat) என்பர். சூழல் பற்றிய எந்தக் கையேட்டைத் திறந்தாலும் அதற்கு 'முற்றா நிலக்கரி' என்றே கிடக்கிறது. அண்மையில் கிளிநொச்சியில் மாணவருக்குக் கொடுத்த ஒரு தாளிலும் அதேதான். மலைநாட்டு ஈரநிலங்களில் முற்றா நிலக்கரி அழிகிறதாம். படித்த பிள்ளையொன்று, ஹோர்ட்டன் சமவெளியில் சுரங்கம் இருக்கிறதா என்று கேட்டது. பிள்ளையில் பிழையில்லை.

சொல்லின் கதை சின்னது. ஸ்கொட்லாந்தின் இடைக்கால இலத்தீன் ஆவணங்களில் 'பெற்றா' என்று வருகிறது. வெட்டியெடுத்த துண்டு என்பதே முதற்பொருள் என்பர். அங்கே அதைக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். நம்மவர் கரியைப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான்.

நீர் தேங்கிய குளிர்நிலத்தில் பாசியும் புல்லும் செத்து விழும். காற்றுப் புகாததால் முழுதாய் உக்காது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் சேர்ந்தாலே பெரிது. ஆழப் புதைந்து, வெப்பமும் அழுத்தமும் பட்டு, கோடிக்கணக்கான ஆண்டு கழிந்தால் நிலக்கரி ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆகப்போவதை வைத்துப் பெயரிடுவதென்றால் நெல்லுக்கு 'வேகாச் சோறு' என்று பெயர் வைக்க வேண்டும்.

அதைவிட மோசம், இந்தப் பெயர் அழிவின் காரணத்தையே மறைப்பது. திபெத்திய மேட்டுநிலத்தின் கிழக்கோரத்தில், ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிற சொய்கே ஈரநிலத்தில் மேய்ச்சல் தரையைப் பெருக்க 1960களிலும் 70களிலும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் இறங்கக் காற்றுப் புகுந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டு உக்காமல் கிடந்தது உக்கத் தொடங்கி, காபன் வாயுவாகப் போகிறது. கரி என்றால் தோண்டினால்தான் குறையும், கொளுத்தினால்தான் எரியும் என்று வாசிப்பவர் நினைப்பார். இதற்கு ஒரு வாய்க்கால் போதும். நீலகிரியின் பீற் சேற்றை ஆராய்ந்து 20,000 ஆண்டுகளில் மழை கூடிய காலம் எது, வரண்ட காலம் எது என்று சொல்ல முடிந்ததும், ஹோர்ட்டன் சமவெளிச் சேற்றில் பழைய மகரந்தம் கிடைத்ததும் அது உக்காமல் இருந்ததால்தான்.

வன்னியில் இந்தப் பண்டம் பழக்கமில்லை, உண்மை. ஆவணி வெயிலில் குளத்தின் அடி வெடிக்கும்போது தாமரைத் தண்டும் கோரையும் நொறுங்கி, மாரிக்குள் மண்ணாகிவிடும். பண்டம் இல்லாவிட்டால் என்ன, வினை இருக்கிறதே. உக்கின கிடுகு, உக்கின வேலிக்கதியால். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உக்கல். குப்பைத் தொட்டியில்கூட 'உக்கும் கழிவு', 'உக்காத கழிவு'. ஆகவே 'குறையுக்கல்' என்பேன். நிலம் 'குறையுக்கல் நிலம்'. பேச்சுச்சொல் என்று மூக்கைச் சுழிக்கும் தனித்தமிழ்க்காரர் அகராதியைப் புரட்டட்டும், உக்குதல் அங்கே இருக்கிறது.

பீற் என்றே விட்டாலென்ன என்பாரும் உண்டு. நாற்றுமேடைக்கு வாங்கும் தும்புச்சோற்றுப் பையில் இப்போது 'கொக்கோபீற்' என்று இருக்கிறது. இவர்கள் கையில் அகப்பட்டால் அது 'தென்னை முற்றா நிலக்கரி' ஆகும்! தும்புச்சோறு என்று முதலில் சொன்னவர் தும்படிக்கிற இடத்தில் நின்று சொன்னார். இன்றைய மொழிபெயர்ப்பாளர் பழைய சொற்பட்டியலில் தேடுகிறார். சிலர் கணினி தருவதை அப்படியே அச்சுக்குக் கொடுக்கிறார்கள். அதே மாணவர் தாளின் மறுபக்கத்தில், காபனை இழுத்துச் சேர்த்து வைக்கும் இடம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'carbon sink' எனப்படும் ஈரநிலம் 'காபன் மூழ்கி' ஆகியிருக்கிறது. எது எதில் மூழ்கியதோ. 'காபன் தேக்கம்' என்றால் குளத்துத் தண்ணீரில் கமம் செய்கிற எவருக்கும் விளங்கும்.