கலிபோர்னியாப் பள்ளி மாவட்டம்: மூன்றாண்டு இலக்குகளும் பள்ளிகளுக்குக் கிடைக்கும் அங்கீகாரமும்

ஃப்ரீமாண்ட், சான் ரமோன், குபர்டினோ போன்ற ஊர்களில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு அடுத்தபடியாக விசாரிப்பது பள்ளியைப் பற்றித்தான். பள்ளி வாசலில் 'கலிபோர்னியாவின் சிறப்புப் பள்ளி' என்ற பதாகை தொங்கினால் பலருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. அந்தப் பதாகை எந்தக் கணக்கின் அடிப்படையில் வந்தது, அந்தக் கணக்கை உயர்த்தப் பள்ளி மாவட்டம் என்ன இலக்கு வைத்திருக்கிறது, அந்த இலக்கை எழுதும்போது பெற்றோர் எங்கே பேசலாம் என்பவை பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்பது பள்ளிக் கல்வித் துறையின் ஒரு நிர்வாகப் பிரிவு. அரசு நியமிக்கும் அலுவலர் அதற்குத் தலைமை வகிக்கிறார். கலிபோர்னியாவில் உள்ள 900-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களின் அமைப்பு வேறு. ஒவ்வொன்றையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம் ஆள்கிறது. மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரை நியமிப்பதும், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், இலக்குகளை ஏற்பதும் அந்த வாரியமே. ஆகவே இலக்கைப் பற்றிய கேள்வியை மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அதைக் கேட்கும் மேடை நம் ஊரிலேயே இருக்கிறது.

2013-இல் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் பள்ளி நிதிமுறையை அடியோடு மாற்றியது. அதற்கு முன் மாநில நிதியில் ஒரு பகுதி, இந்தப் பணம் இந்தச் செலவுக்கு மட்டும் என்று தனித்தனித் தலைப்புகளில் வந்தது. புதிய முறையில் ஒவ்வொரு மாணவரின் வருகையையும் வகுப்பு நிலையையும் வைத்து அடிப்படைத் தொகை கணக்கிடப்படுகிறது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்று வருவோர், வளர்ப்புப் பராமரிப்பில் (foster care) இருப்போர் ஆகியோருக்கு அடிப்படைத் தொகையில் மேலும் 20 விழுக்காடு சேர்கிறது. ஒரு பிள்ளை இவற்றில் இரண்டு வகையில் வந்தாலும் கணக்கில் ஒருமுறைதான் சேரும். இத்தகைய மாணவர் 55 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மாவட்டங்களுக்கு இன்னொரு கூடுதல் தொகையும் உண்டு.

இங்கே தமிழ்ப் பெற்றோரைத் தொடும் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது நிரப்பும் வீட்டுமொழிப் படிவத்தில் 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சிப் பலர் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகின்றனர். இந்த அச்சம் தேவையற்றது. உண்மையை எழுதினால் 30 நாட்களுக்குள் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலத் திறன் தேர்வு நடக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே ஆங்கிலம் சரளம் என்று தெரிந்தால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். சரளம் இல்லையென்றால் ஆங்கில மொழி வளர்ச்சிக்கான கற்பித்தல் அந்தப் பிள்ளையின் உரிமையாகிறது, அதற்கான நிதிக் கணக்கிலும் அந்தப் பிள்ளை இடம்பெறுகிறது. தவறாக எழுதுவதால் இந்த இரண்டும் கைநழுவிப் போகின்றன.

பணத்தைச் செலவிடும் உரிமை மாவட்டத்திடம் வந்தபோதே, கணக்குச் சொல்லும் கடமையும் சேர்ந்து வந்தது. அதுதான் 'உள்ளூர்க் கட்டுப்பாடு, பொறுப்புடைமைத் திட்டம்'. பேச்சு வழக்கில் 'எல்கேப்' (LCAP). மூன்றாண்டுக்கு வகுத்து, ஆண்டுதோறும் திருத்தி, ஜூலை 1-க்குள் வாரியம் ஏற்க வேண்டிய ஆவணம் இது. இப்போது நடப்பது 2024-25 முதல் 2026-27 வரையிலான சுற்று. தகுதி பெற்ற ஆசிரியர், பாடநூல், பழுதற்ற கட்டடம் ஆகியவை முதல் முன்னுரிமை. மாநிலப் பாடத்தரத்தைச் செயல்படுத்துதல், பெற்றோர் பங்கேற்பு, கல்வி அடைவு, மாணவர் வருகையும் ஈடுபாடும், பள்ளிச் சூழல், பல்வகைப் பாடங்களைப் படிக்கும் வாய்ப்பு, பிற கற்றல் பலன்கள் என்று சட்டம் மொத்தம் எட்டு முன்னுரிமைகளைக் குறித்துள்ளது. மாவட்டம் தன் இலக்குகளை எப்படி வகுத்தாலும் இந்த எட்டும் அவற்றுக்குள் அடங்க வேண்டும்.

ஆவணம் நூறு பக்கத்தையும் தாண்டக்கூடும் என்பதால் முதலில் பார்ப்பவர் மலைத்துப்போவது இயல்பு. தொடக்கத்தில் உள்ள 'பெற்றோருக்கான வரவு செலவுச் சுருக்கம்' சில பக்கங்களே கொண்டது. அதைப் படித்துவிட்டு நேராக ஓர் இலக்கின் பக்கத்துக்குச் செல்வது நல்லது. அங்கே இரண்டு அட்டவணைகள் இருக்கும். முதல் அட்டவணையில் அளவீடு, தொடக்க நிலை, முதலாம் ஆண்டின் பலன், இரண்டாம் ஆண்டின் பலன், மூன்றாம் ஆண்டுக்கான குறி, தொடக்க நிலையிலிருந்து இதுவரை ஏற்பட்ட மாற்றம் ஆகியவை வரிசையாக வரும். மாநிலக் கணிதத் தேர்வில் ஆங்கிலம் கற்று வருவோர் எதிர்பார்க்கும் தரத்துக்கு 60 புள்ளி கீழே இருந்தனர், மூன்றாண்டில் 45-க்கு வர வேண்டும் என்று குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டுக் கட்டத்தில் 61 என்று இருந்தால், அந்த இலக்குக்காகச் செய்த வேலை பலன் தரவில்லை என்பது படிப்பவர் யாருக்கும் விளங்கிவிடும். இரண்டாவது அட்டவணை அந்த வேலைகளைச் சொல்கிறது: செயலின் பெயர், விளக்கம், மொத்தத் தொகை, கூடுதல் நிதிக்குரிய மாணவரின் சேவையை அதிகரிக்க அது பங்களிக்கிறதா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை'. முதல் அட்டவணையில் அசையாத எண்ணையும் இரண்டாவதில் அதற்கு நேரே உள்ள டாலரையும் சேர்த்து வைத்துக் கேட்கும் கேள்விக்கு எந்த அதிகாரியும் மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது.

இந்த எண்களில் பல, மாநிலம் 2017 முதல் வெளியிட்டுவரும் 'டாஷ்போர்டு' என்னும் தகவல் பலகையிலிருந்து வருகின்றன. அதில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்கள்; சிவப்பு கடைநிலை, நீலம் மேல்நிலை. 2023-ஆம் ஆண்டுப் பலகையில் சிவப்பு பெற்ற பள்ளிகளுக்கும் மாணவர் பிரிவுகளுக்கும் என்ன செய்யப் போகிறோம் என்பதை நடப்புச் சுற்றின் திட்டத்தில் மாவட்டம் கட்டாயம் எழுத வேண்டும்.

நம் குடும்பங்கள் அறியாமலே பாதிக்கும் அளவீடு ஒன்று உண்டு. பள்ளியில் பதிவாகியுள்ள நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராத பிள்ளை 'தொடர் வருகைக் குறைவு' உள்ளவராகக் கணக்கிடப்படுகிறார். எட்டாம் வகுப்பு வரைக்கும் இது பலகையில் இடம்பெறுகிறது. ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்றால் 18 நாட்கள் போதும். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு சேர்த்துப் பொங்கல் முடியும்வரை ஊரில் தங்கினால் ஏறத்தாழ பத்து நாட்கள் போய்விடும். பிப்ரவரியில் ஒரு வாரக் காய்ச்சல், நடுவே சில தனி நாட்கள் என்று சேர்ந்தால் எல்லையைத் தொட்டாகிவிட்டது. மருத்துவச் சான்று இருந்தாலும் கணக்கில் விடுப்பு விடுப்புதான். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. புறப்படும் முன் பள்ளி அலுவலகத்தில் பள்ளிக்கு வராமலே பாடம் படிப்பதற்கான தனிப்படிப்பு ஒப்பந்தம் (independent study) உண்டா என்று கேட்டுக் கையெழுத்திட்டு, கொடுத்த பாடங்களை முடித்துத் தந்தால் அந்த நாட்கள் வருகையாகக் கொள்ளப்படும்.

பெற்றோருக்குரிய இடங்கள் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாவட்டமும் பெற்றோர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். ஆங்கிலம் கற்று வருவோர் 15 விழுக்காடும் குறைந்தது 50 பேரும் இருந்தால் அவர்களின் பெற்றோருக்குத் தனிக் குழு தேவை. வரைவுத் திட்டம் இக்குழுக்களின் முன் வைக்கப்பட வேண்டும்; அவை எழுப்பும் கருத்துகளுக்குக் கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். பிப்ரவரி மாத இறுதிக்குள் வாரியக் கூட்டத்தில் இடைக்கால நிலை அறிக்கை வர வேண்டும். பொது விசாரணை ஒரு கூட்டத்திலும், ஏற்பு அதற்குப் பிந்தைய வேறொரு கூட்டத்திலும் நடக்க வேண்டும். வழக்கமாக இவ்விரண்டும் ஜூன் மாதத்தில் வருகின்றன. நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியாகிவிடும்.

கூட்டத்தில் பேச ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவது வழக்கம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டம் சொல்கிறது. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும் இது பொருந்தாது. பேரப்பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பாட்டியும் தமிழில் எழுந்து பேசலாம் என்பதே இதன் பொருள். திட்டம் சட்டப்படி எழுதப்படவில்லை என்று கருதினால் 'ஒருங்கிணைந்த புகார் நடைமுறை'யின்கீழ் புகார் தரலாம். ஆதாரம் இணைத்திருந்தால் பெயரைச் சொல்லாமலும் தரலாம்.

இனி அங்கீகாரம். 'சிறப்புப் பள்ளி' விருதைக் கலிபோர்னியா 1985-இல் தொடங்கியது; தொடக்கப் பள்ளிகளுக்கு ஓர் ஆண்டும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டுமாக மாறிமாறி வழங்குகிறது. தகுதி முதலில் அந்தத் தகவல் பலகையின் எண்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான அடைவு இடைவெளியைக் குறைத்ததற்கு ஒன்றும், மிக உயர்ந்த அடைவுக்கு ஒன்றும் என இரு பிரிவுகள் உள்ளன. ஒரு பள்ளி எந்தப் பிரிவில் விருது பெற்றது என்று கேட்டறிவது மிக முக்கியம் என்பது என் கருத்து. வசதியுள்ள குடும்பங்கள் நிறைந்த பகுதியில் உயர்ந்த மதிப்பெண் வருவதில் வீட்டுக்கும் பங்குண்டு. பின்தங்கியிருந்த பிள்ளைகளை மேலேற்றி இடைவெளியைக் குறைத்திருந்தால் அது ஆசிரியர்களின் உழைப்பு. அமெரிக்க ஒன்றிய அரசு 1982-இல் நிறுவிய 'நீல ரிப்பன்' பள்ளி விருதை அதன் கல்வித் துறை 2025-இல் நிறுத்திவிட்டது. பழைய பதாகைகளில் அந்தப் பெயர் இன்னும் தென்படும். கலிபோர்னியாப் பள்ளி வாரியங்களின் சங்கம் தரும் 'கோல்டன் பெல்' விருது முழுப் பள்ளிக்கும் உரியதன்று, குறிப்பிட்ட திட்டம் ஒன்றுக்கு உரியது. எந்த விருதானாலும், மேலே சொன்ன நிதி வாய்ப்பாடு அதைக் கணக்கில் கொள்வதில்லை; வருகையையும் வகுப்பு நிலையையும் மாணவர் தேவையையும் மட்டுமே பார்க்கிறது.

மாணவருக்கே நேரடியாகக் கிடைக்கும் அங்கீகாரமும் உண்டு. இருமொழிப் புலமைக்கான மாநில முத்திரையை அமெரிக்காவில் முதன்முதலில் சட்டமாக்கியது கலிபோர்னியா. 2011-இல் நிறைவேறிய அச்சட்டப்படி, ஆங்கிலத்திலும் வேறொரு மொழியிலும் தேர்ச்சி பெற்றவரின் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் பொன்னிற முத்திரை பதிக்கப்படுகிறது. கல்லூரிக்கும் வேலைக்கும் மாணவர் தயாரா என்று காட்டும் பலகை அளவீட்டிலும் இது ஒரு கூறு. பிறமொழித் தேர்ச்சியைக் காட்ட உதவும் ஏ.பி. தேர்வுகளில் (உயர்நிலைப் பள்ளியில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகள்) தமிழ் இல்லை. ஆகவே மாவட்டம் ஏற்கும் வேறு தேர்வையோ பாடநெறியையோ நாட வேண்டியிருக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததைச் சில மாவட்டங்கள் மதிப்பெண் அலகாக ஏற்கின்றன. எதை ஏற்கிறார்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டால் காலம் கடந்திருக்கும்; ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்பாடே இல்லை என்று பதில் வந்தால், அதை அடுத்த திட்டத்தின் செயல் பட்டியலில் சேர்க்கும்படி வாரியத்தின் பொது விசாரணையில் கேட்கலாம்.