பெங்களூர்க் குளிரும் பசையும்: வீட்டில் மர விமான இறக்கை கட்டுவோர் கவனத்துக்கு

டிசம்பர் இரவுகளில் பெங்களூர் கார் ஷெட்டுக்குள் 15, 16 டிகிரிதான் இருக்கும். ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சுகமான குளிர். ஆனால் மர விமானங்களில் பயன்படும் ரிசார்சினால் என்ற பசை சரியாக இறுக 21 டிகிரியாவது வேண்டும். சாயங்காலம் ஒட்டி, கிளாம்ப் போட்டு, காலையில் கழற்றினால் ஒட்டு கல் மாதிரித்தான் தெரியும். கையால் அசைத்தால் அசையாது. உள்ளே பசை அரைகுறையாக நின்றிருக்கும். மேலே பிளைவுட் போட்டு மூடிவிட்டால் பிறகு யார் கண்ணுக்கும் படாது. மர விமான இறக்கையில் மரத்தைவிட ஒட்டுதான் அதிகம் பயப்பட வேண்டிய இடம் என்பது இதனால்தான்.

இது புதிய பாடம் அல்ல. 1931 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சஸில் ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்தது. மூடிய மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து ஒட்டுகளைக் கெடுத்திருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. 1944 இறுதியில் நம் நாட்டிலேயே இருந்த, மரத்தால் ஆன பிரிட்டிஷ் மஸ்கிட்டோ போர் விமானங்கள் இறக்கை ஒட்டு விட்டுப்போனதால் தரையிறக்கி வைக்கப்பட்டன. நம் பருவநிலையைச் சிலர் குறை சொன்னார்கள், தொழிற்சாலையில் ஒட்டிய லட்சணத்தைச் சிலர் குறை சொன்னார்கள். ஒழுங்காக ஒட்டாத மூட்டைத்தான் ஈரம் முதலில் தேடிப் பிடிக்கும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பேசுவது கஷ்டம்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மைசூர் ரோடு மரக்கடைகளில் விசாரித்தால் தேக்கு எடுங்கள் என்பார்கள். கதவு ஜன்னலுக்கு அது சரி. இறக்கைக்குக் கனம் அதிகம்: கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, விமானங்களுக்குப் பயன்படும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற மென்மரமோ சுமார் 430 கிலோதான். போதாததற்குத் தேக்கில் உள்ள எண்ணெய், பசையை ஒட்டவிடாமல் செய்யும். அதேபோல ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை, விமானப் பிளைவுட் ஆகாது. பசை கொதிநீரைத் தாங்கும் என்பதற்கு அந்த முத்திரை நல்ல சான்று. ஆனால் நமக்கு வேண்டியது 1.5 மி.மீ. கனத்தில், நடு அடுக்கில் ஓட்டை இல்லாத, பர்ச் மரத்தில் செய்த பிளை. ஸ்பாருக்கு (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்கு) எடுக்கும் பலகையில் நார் 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாயக்கூடாது; அங்குலத்துக்கு 6 ஆண்டு வளையமாவது இருக்க வேண்டும். பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, லென்ஸால் பாருங்கள். நாருக்குக் குறுக்கே மயிரிழை போல வெளிர் கோடு ஓடினால் அது அமுங்கி நசுங்கிய மரம். விலை போச்சே என்று யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

ஈரம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். நகை எடை பார்க்கும் சின்னத் தராசும் சமையலறை ஓடிஜி அடுப்பும் போதும். பலகையின் நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு துண்டு நறுக்கி எடை போடுங்கள். 103 டிகிரியில் வைத்து, இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை காயவிட்டு மறுபடி போடுங்கள். 56 கிராம் 50 ஆனால், குறைந்த 6-ஐ 50-ஆல் வகுத்து 12 சதவீதம். 8 முதல் 12-க்குள் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். மார்ச் மாதம் காய்ந்து கிடக்கும் பலகை ஜூலை மழையில் ஊதும். ஸ்பார் பலகைகளை ஒட்டப்போகும் அறையிலேயே சில வாரம் கிடக்கவிட்டு, ஒரே வீச்சில் அறுத்து ஒட்டுவது நல்லது.

இனிப் பசை. ஆசாரிகள் டப்பாவில் வைத்திருக்கும் வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். நாற்காலிக்கு அது ராஜா. ஆனால் விடாமல் பாரம் ஏறி நின்றால் மெல்ல நழுவிக்கொடுக்கும், வெயிலில் இன்னும் வேகமாக. மிஞ்சுவது ரிசார்சினால், எபாக்ஸி என்ற இரண்டுதான்.

ரிசார்சினால் நீருக்கும் வெயிலுக்கும் அசையாது, ஆனால் கறாரான ஆசாமி. இரு பரப்பும் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். மென்மரத்தில் சதுர செ.மீ.க்கு 9 முதல் 10.5 கிலோ வரை அழுத்தம் வேண்டும். 20 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளம் ஒட்டினால் பரப்பு 200 சதுர செ.மீ.; தேவையான விசை 1,800 கிலோ. ஒரு கிளாம்ப் 200 கிலோ இறுக்கினால்கூட மீட்டருக்கு 9 கிளாம்ப் வேண்டும். நாலு கிளாம்ப் போட்டு முடித்துக்கொள்ளும் வீட்டுப் பட்டறைக்கு இது ஒத்துவராது.

எபாக்ஸி சின்ன இடைவெளியை நிரப்பும், லேசான அழுத்தம் போதும். இங்கே தவறு நேர் எதிராக நடக்கும்: ஆர்வத்தில் இறுக்கிப் பிழிந்தால் பசை முழுக்க வெளியே வந்து, மூட்டு காய்ந்து கிடக்கும். டி-88 என்ற எபாக்ஸியைப் பயன்படுத்தினால் பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கன அளவில் சரிபாதி. எடையில் 100-க்கு 83. கண்ணளவு கூடாது, ஒவ்வொரு முறையும் தராசு. எபாக்ஸியின் பலவீனம் சூடு. பெங்களூரின் ஜக்கூர் விமானத்தளம் மாதிரித் திறந்தவெளியில் வெயிலில் நிற்கும் கறுப்பு அல்லது கருநீல இறக்கையின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். அங்கே எபாக்ஸி இளகத் தொடங்கும். மர இறக்கைக்கு வெள்ளை அடிப்பது அழகுக்காக அல்ல.

ஒட்டும் பரப்பைத் தீட்டிய இழைப்புளியால் இழைத்து, அன்றே ஒட்டுங்கள். ஸ்ப்ரூஸை உப்புத்தாளால் தேய்த்தால் தூசி துளைகளை அடைக்கும், ஓரமும் உருண்டுபோகும். பிளைவுட்டின் கதை வேறு: தொழிற்சாலை அழுத்தத்தில் அதன் மேற்புறம் பளபளப்பேறியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பசையும் அப்படியே நிற்கும். லேசாகத் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள், பரவ வேண்டும். ஜிக்கில் (துண்டுகளைப் பொருத்திப் பிடிக்கும் அச்சுப் பலகையில்) ரிப், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம், ஒட்டிக்கொள்ளாமலிருக்க மெழுகு தடவுவது பழக்கம், ஆனால் அந்த மெழுகு மூட்டுக்கும் போய்விடும். பாலிதீன் விரித்துக்கொண்டால் தொல்லையில்லை. காலையில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் கை வழியாக வந்து சேரும், அதையும் சொல்லிவைக்கிறோம்.

எந்தப் பசையானாலும், கலக்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அதே மரத்தில் ஒரு மாதிரித் துண்டு ஒட்டி வையுங்கள். தேதி, அறை வெப்பம், எந்த ரிப் எந்த மூட்டு என்று பென்சிலால் அதிலேயே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து வைஸில் பிடித்து உளி வைத்துப் பிளக்க வேண்டும். இரு பக்கமும் மர நார் கிழிந்து வந்தால் மூட்டு மரத்தைவிடப் பலமானது. ஒரு பக்கம் பளபளவென்று பசை, மறுபக்கம் வெறும் மரம் என்றால் அந்தக் கிண்ணத்தில் ஒட்டிய எல்லாமே தள்ளுபடி. ஒரு ரிப்பில் 30 ஒட்டு, 24 ரிப் என்றால் 720 ஒட்டு. எந்தக் கிண்ணம் எங்கே போனது என்று எழுதிவைக்காதவருக்கு 720-ம் சந்தேகம்தான். குளிர் மாதங்களில் மூட்டைச் சுற்றிப் போர்வை போர்த்தி, உள்ளே ஒரு குண்டு பல்பு எரியவிட்டு, தெர்மாமீட்டரை மூட்டை ஒட்டி வையுங்கள். பல்பு துணியில் படக்கூடாது.

இரண்டு பிளைத் தகடுகளை இணைக்கும்போது விளிம்புகளைச் சரிவாக இழைத்து ஒட்ட வேண்டும்; சரிவு 12-க்கு 1: 1.5 மி.மீ. தகட்டுக்கு 18 மி.மீ. மூடும் முன் உள்ளே வார்னிஷ் அடிக்க வேண்டும், ஆனால் தோல் (இறக்கையை மூடும் பிளை) ஒட்டும் பட்டைகளை டேப்பால் மறைத்துவிட்டு. வார்னிஷ் மேல் ஒட்டிய பசை வார்னிஷோடு உரிந்து வரும். இறக்கைக்குள் ரிப்புகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு அறையின் தாழ்ந்த மூலையிலும் 6 மி.மீ. வடிகால் துளை வைத்து, துளையின் விளிம்புக்கும் வார்னிஷ் தொட்டுவிடுங்கள். பெயிண்டர் அதைப் புட்டி வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பறக்க, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் பதிவும் அனுமதியும் வேண்டும். மூடிய பெட்டியை யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே மூடும் முன் ஒவ்வொரு அறையையும் ஸ்கேலோடு படம் எடுத்துவையுங்கள்.

கடைசியில் மணல் மூட்டைச் சோதனை: காற்று இறக்கையை மேலே தள்ளும் பாரத்துக்குப் பதிலாக, கவிழ்த்த இறக்கையின் மேல் மூட்டை அடுக்கிப் பார்ப்பது. விமானம் 300 கிலோ, இரண்டு இறக்கையும் சேர்ந்து 50 கிலோ, வடிவமைப்பாளர் தந்த எல்லை 4 ஜி (எடையைப் போல நான்கு மடங்கு பாரம்) என்று வைத்துக்கொள்வோம். இறக்கைகளின் எடையைக் கழித்தால் 250 × 4 = 1,000. இறக்கையைக் கவிழ்த்து வைப்பதால் அதன் சொந்த எடையே 50 கிலோ பாரம், மீதி 950. ஒரு பக்கத்துக்கு 475 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 19. எம்-சாண்டில் ஈரம் இருந்தால் கனம் மாறும், ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துப் போடுங்கள். வரைபடத்தில் உள்ள பகிர்வுப்படி முன் ஸ்பார் பக்கம் அதிகம் வரும். அடுக்குகளுக்கு இடையே நாலு விரல் விடுங்கள், இல்லையேல் இறக்கை வளையும்போது மூட்டைகள் ஒன்றையொன்று முட்டி வளைவுபோல நின்று பாரத்தைத் தாமே தாங்கிவிடும். நுனியில் ஒரு ஸ்கேலும் குறுக்கே இழுத்துக் கட்டிய நூலும் வைத்து, மூட்டை ஏற்றுவதற்கு முன்னும், ஏற்றிய பின்னும், இறக்கிய பிறகும் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் நுனி பழைய கோட்டுக்கே வர வேண்டும். வராமல் கீழேயே நின்றாலோ, நடுவில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டிருந்தாலோ, பெயிண்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த இடத்துத் தோலைத் திறங்கள்.