வெட்டம்ப்கா: ஊர்ப் பெயருக்குள் நுழைந்த ஒரு 'ப்'

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் கூசா ஆற்றங்கரையில் வெட்டம்ப்கா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. வெகுதூரம் மேற்கே, ஓக்லஹோமாவில், வெட்டம்கா என்று இன்னோர் ஊர். இரண்டும் ஒரே பெயர்தான். ஒன்றில் மட்டும் ஒரு 'ப்' கூடுதல்.

பெயர் கிரீக் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மஸ்கோகி மொழியில் பிறந்தது. முதலில் நிற்கும் 'வெ' தண்ணீரைக் குறிக்கிறது. 'டம்கா' என்றால் முழங்குவது. முழங்கும் தண்ணீர்! வெவோகா என்ற பெயரிலும் இதே 'வெ'தான். அதற்குக் குரைக்கும் தண்ணீர் என்று பொருள். ஆற்றைக் காதால் அடையாளம் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் துல்லியமாக.

கூசா இங்கே ஏன் முழங்குகிறது? அப்பலாச்சியன் மலைப்பக்கத்திலிருந்து வரும் பழைய கடினப் பாறை இந்த இடத்தோடு முடிகிறது. தெற்கே இருப்பது கடல் விட்டுப்போன மணலும் களிமண்ணும். மண்ணை ஆறு சுலபமாக அரித்துவிடும், பாறையை அப்படி அரிக்க முடியாது. அதனால் தண்ணீர் பாறைக்குப் பாறை மோதி இறங்குகிறது. பின்னால் வந்த வெள்ளையர்கள் இதைச் சாத்தானின் படிக்கட்டு என்றார்கள். கீழிருந்து வந்த படகுகள் இங்கேயே நின்றாக வேண்டியிருந்தது. ஊர் வளர்ந்ததும் அதனால்தான்.

சரி, அந்த 'ப்' எங்கிருந்து வந்தது? 'ம்' சொல்லும்போது உதடுகள் மூடியிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். அடுத்து 'க்' சொல்ல வேண்டுமானால் மூக்கு வழி அடைபட வேண்டும், உதடுகள் திறக்க வேண்டும். இரண்டும் சரியாக ஒரே நேரத்தில் நடப்பதில்லை. மூக்கு வழி முந்திக்கொண்டு அடைபட்டால், வாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்று உதடு திறக்கும்போது 'ப்' என்று வெடிக்கும். ஆங்கிலத்தில் தாம்சன் என்ற பெயர் தாம்ப்சன் ஆனதும் இப்படித்தான். ஆங்கிலேய வாய் உச்சரித்தது, ஆங்கிலேயக் கை எழுதியது, 'ப்' நிலைத்துவிட்டது.

1717இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து சற்றுத் தெற்கே, கூசாவும் டாலபூசா ஆறும் சேரும் இடத்தில், டூலூஸ் கோட்டையைக் கட்டினார்கள். அதே இடத்தில் எழுந்த ஜாக்சன் கோட்டையில் 1814 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவுக்கும் கிரீக் மக்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிரீக் மக்கள் சுமார் 2.3 கோடி ஏக்கர் நிலத்தை இழந்தார்கள். அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பக்கம் நின்று போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் போனது. இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? 1834இல் வெட்டம்ப்கா முறைப்படி நகரமானது. இரண்டே ஆண்டுகளில், 1836இல், அலபாமாவில் எஞ்சியிருந்த கிரீக் மக்களை ராணுவம் மேற்கே விரட்டியது.

மஸ்கோகியில் ஊருக்குத் 'தல்வா' என்று பெயர். அது வீடுகளையும் நிலத்தையும் மட்டும் குறிக்கும் சொல் அல்ல. தனக்கென்று ஒரு சடங்கு மைதானமும் புனித நெருப்பும் உள்ள மக்கள் கூட்டம்தான் தல்வா. மக்கள் இடம் பெயர்ந்தால் தல்வாவும் கூடவே போகும், பெயரும் போகும். அப்படித்தான் ஓக்லஹோமாவில் இன்னொரு வெட்டம்கா உண்டானது. அங்கே பெயரைச் சுமந்து வந்தவர்கள் மஸ்கோகி பேசியவர்கள். அதில் 'ப்' இல்லை.