வீதியில் மினுங்கும் கண்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இரவு தலவத்துகொடைப் பக்கமிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். சதுப்பு நிலத்தை ஒட்டிய வீதியில் திடீரென்று இரண்டு பச்சை நெருப்பு. கிட்டப் போனதும் நெருப்பு அணைந்துவிட்டது. பூனையைவிடப் பெரிய, உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு மிருகம் நின்றது. அப்பா பிரேக் அடித்தும் அது அசையவில்லை. அது என்ன? கண்ணில் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கிட்டப் போனால் ஏன் மறைகிறது? ஏன் ஓடாமல் நின்றது?"

அநேகமாக அது மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. கொழும்பின் கால்வாய்களையும் சதுப்பு நிலங்களையும் நம்பி, நமது மதில்களுக்குப் பின்னாலேயே வாழும் காட்டு மிருகம். உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை நேரில் பார்த்த இந்தக் குடும்பம் கொடுத்துவைத்தது.

இனி வெளிச்சம். அது உங்கள் காரின் ஹெட்லைட் வெளிச்சமேதான். மிருகத்தின் கண்ணுக்குள் போய், திரும்பி வந்திருக்கிறது.

கண்ணின் அமைப்பைச் சாதாரண தர விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்திருப்போம். வில்லை ஒளியைக் குவிக்கும். பின்னால் உள்ள விழித்திரையில் விம்பம் விழும். அங்கே கோல் கலங்கள் மங்கிய ஒளியையும் கூம்புக் கலங்கள் நிறத்தையும் உணரும். ஆனால், விழித்திரையில் விழும் ஒளி முழுவதும் பிடிபடுவதில்லை. ஒரு பகுதி அகப்படாமல் ஊடுருவிப் போய்விடும். மனிதக் கண்ணில் அதைப் பின்னாலுள்ள கரிய நிறப்பொருள் உறிஞ்சிவிடுகிறது. பூனை, நாய், நரி, மான், மாடு போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஓர் ஆடி இருக்கிறது. டப்பீட்டம் லூசிடம் என்பது அதன் பெயர். தப்பிப் போன ஒளியை அது மறுபடி விழித்திரைக்கே அனுப்புவதால், கோல் கலங்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குப் பார்க்கப் போதும். அதற்கு இந்த ஆடியும் ஒரு காரணம். திரும்பும் ஒளி சற்றுச் சிதறுவதால் விம்பத்தின் கூர்மை கொஞ்சம் குறையும். இரவில் வேட்டையாடும் பிராணிக்கு அந்த நட்டம் கட்டுப்படியாகும்.

என்னை எப்போதும் மயக்குவது அந்த ஆடி செய்யப்பட்டிருக்கும் விதம்தான். நம் வீட்டுக் கண்ணாடியின் பின்புறம் வெள்ளியோ அலுமினியமோ பூசியிருக்கும். கண்ணுக்குள் பூச உலோகத் தகடு ஏது? பூனையின் டப்பீட்டத்தில் பதினைந்து, இருபது அடுக்குக் கலங்கள். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நுண்ணிய கோல்கள் (விழித்திரையின் கோல் கலங்கள் அல்ல, இவை வேறு) வரிசை குலையாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கோலின் தடிப்பு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. அவற்றில் உள்ளவை ரைபோஃபிளேவினும் சிறிதளவு நாகமும் (சிங்க்). ரைபோஃபிளேவின் என்பது பாலிலும் முட்டையிலும் நாம் சாப்பிடும் விற்றமின் பி2 தான். உலோகப் பளபளப்பு எதுவும் அங்கே இல்லை. தனியே எடுத்தால் ஒவ்வொரு கோலும் ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக ஊடுருவ விட்டுவிடும். மிகச் சிறிய பங்கைத்தான் தெறிக்கும். அப்படியானால் மொத்த அடுக்கு எப்படி ஆடியாகிறது?

இடைவெளியால். முதல் வரிசையில் தெறித்த ஒளியலை திரும்பி வரும். இரண்டாவது வரிசையில் தெறித்தது சற்றுக் கூடுதல் தூரம் போய் வரும். அந்தக் கூடுதல் தூரம் ஒளியின் ஓர் அலைநீளத்துக்குச் சமமாக அமைந்துவிட்டால், இரண்டு அலைகளின் மேடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி வலுக்கும். மூன்றாவது வரிசையும் நான்காவதும் அப்படியே. அற்ப சொற்பமான தெறிப்புகள் ஒரே தாளத்தில் கூடி, கண்ணைப் பறிக்கும் ஒளியாகின்றன. இடைவெளிக்குப் பொருந்தாத அலைநீளங்கள் கூடி வலுக்காது. பச்சை திரும்புவதும் மஞ்சள் திரும்புவதும் அந்த இடைவெளியைப் பொறுத்தது. மழை ஈர வீதியில் சிந்திய பெற்றோலில் நிறங்கள் தெரிவதும் இதே ஒளித் தலையீட்டால்தான். ரைபோஃபிளேவின் இன்னொரு வேலையும் பார்க்கிறது. நீல ஒளியை உறிஞ்சி, கோல் கலங்கள் நன்றாக உணரும் அலைநீளத்துக்குக் கிட்டிய பச்சையாக அதை வெளிவிடுகிறது.

ஆடு, மாடு, மான் போன்றவற்றில் இதே வேலையைக் கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் செய்கின்றன. முதலையிலும் பல மீன்களிலும் குவானின் பளிங்குகள். தொடர்பே இல்லாத மூலப்பொருள்கள், ஆனால் பௌதிகம் ஒன்று. வட துருவப் பக்கத்துக் கலைமான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் டப்பீட்டம் கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் கடும் நீலம் என்று நோர்வேயிலும் இலண்டனிலும் உள்ள ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தார்கள். மாதக்கணக்கான இருட்டில் கண்மணி விரிந்தே கிடப்பதால் கண்ணின் உள்ளழுத்தம் கூடி, கொலாஜன் நார்கள் நெருங்கிவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். இடைவெளி குறைய, திரும்பும் அலைநீளமும் குறைகிறது. உயிருள்ள கண்ணுக்குள் பருவத்துக்குப் பருவம் சுருதி மாற்றும் ஆடி! இதை முதல் முறை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிட்டப் போனதும் வெளிச்சம் ஏன் அணைந்தது? கண்ணின் வில்லை ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து தெறிக்கும் ஒளி அதே வில்லை வழியாக வெளியேறும்போது, வந்த திசையிலேயே ஒடுங்கிய கற்றையாகத் திரும்பும். அதாவது ஹெட்லைட்டை நோக்கி. சாரதியின் கண் ஹெட்லைட்டுக்கு அரை மீற்றர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது மீற்றர் தூரத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் அரைப் பாகைதான். திரும்பும் கற்றை நம் கண்ணிலும் படும். ஆறு மீற்றருக்கு வந்ததும் அது ஐந்து பாகையாகிவிடும். கற்றை நமக்குக் கீழே போய்விடுகிறது. உயரத்தில் இருக்கும் பஸ் சாரதிக்கு இந்தக் கோணம் எப்போதும் பெரிது. எனவே, கார்க்காரருக்குத் தெரியும் அளவு பிரகாசம் அவருக்குத் தெரியாது. 1934இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா வீதி நடுவே பதிக்கும் 'பூனைக்கண்' தெறிப்பிகளுக்குக் காப்புரிமை பெற்றார். வில்லையும் ஆடியும் சேர்ந்த அதே ஏற்பாடு.

முனி நின்றது, கொள்ளிக்கண் பேய் பார்த்தது என்று ஊரில் சொல்வதை நானும் கேட்டு வளர்ந்தவன். இருட்டில் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், அந்தப் பயத்துக்கு மிருகங்கள் உயிரை விலையாகக் கொடுப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. தேவாங்கின் கண்ணில் மந்திர சக்தி இருக்கிறது என்று நம்பி, வசிய மருந்துக்காக அந்தச் சின்னப் பிராணியை வதைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்தக் கண்ணில் இருப்பதும் ஓர் ஆடிதான்.

வாகனம் ஓட்டுபவர்கள் கண் மினுக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. பன்றி இனத்துக்கு டப்பீட்டம் இல்லை. நடு வீதியில் காட்டுப்பன்றி உங்களை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாலும் பச்சை நெருப்பு தெரியாது, உடம்பும் கருமை. குரங்குக்கும் நமக்கும்கூட இந்த ஆடி கிடையாது. ஹபரணை – திருகோணமலை வீதியில் இரவில் குறுக்கே வரும் யானையின் கண்கள் டிம் லைட்டின் வீச்சுக்கு மேலே, தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. அது வீதியைக் கடக்கும்போது உங்களுக்குத் தெரிவது சாம்பல் நிறக் கால்களே. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் கார், சாரதி உணர்ந்து மிதிக்க ஒன்றரை விநாடி எடுத்தால், காய்ந்த வீதியில் நிற்க 45 மீற்றர் வேண்டும். 80இல் போனால் 70 மீற்றரை நெருங்கும். ஈர வீதியில் இன்னும் கூடும். டிம் லைட்டில் கறுப்பு உருவம் ஒன்று அவ்வளவு தூரத்தில் தெரிவது அரிது.

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலங்களை வீதிகள் துண்டு துண்டாக வெட்டுகின்றன. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த மிருகம் அடிபடுகிறது என்று வருடக் கணக்கில் யாராவது எண்ணினால்தான், எங்கே சுரங்க வழி அமைப்பது, எங்கே வேகத்தடை போடுவது என்று தீர்மானிக்க முடியும். இந்த நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தைக்கூட எட்டுவதில்லை. ஓர் உயிரியல் மாணவிக்கு மோட்டார் சைக்கிளும் பெற்றோல் காசும் கொடுத்தால் தொடங்கக்கூடிய வேலை இது. அதற்குக்கூடப் பணம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசிக் கேள்வி: அது ஏன் ஓடவில்லை? இருட்டுக்குப் பழகிய கண்ணில் கோல் கலங்களின் ரொடொப்சின் என்ற நிறப்பொருள் நிறைந்திருக்கும். பிரகாசமான ஒளி அதைச் சிதைத்துவிடும். மீண்டும் முழுமையாக உருவாக, மனிதருக்கே அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். விரிந்த கண்மணியும், ஒளியை இரண்டு தடவை பாய்ச்சும் ஆடியும் கொண்ட மிருகத்துக்கு உங்கள் ஹெட்லைட் எப்படியிருக்கும்? வீதி எது, புதர் எது, வருவது எவ்வளவு தூரத்தில் என்று ஒன்றும் விளங்காமல் நின்றுவிடுகிறது. ஆகவே மினுக்கத்தைக் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள், பெரிய லைட் போட்டிருந்தால் டிம் பண்ணுங்கள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப வேண்டாம். பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்த்து, ஹசார்ட் லைட்டைப் போட்டு நிறுத்துங்கள். சிறு மிருகமென்றால் ஒரு சின்ன ஹோர்ன் போதும். யானையென்றால் ஹோர்னும் வேண்டாம். தூரத்திலேயே நின்று, அது கடந்து போகும்வரை காத்திருங்கள். குட்டியோடு வரும் மிருகமாகவும் இருக்கலாம் என்பதால், முதலாவது போன பிறகும் சற்றுப் பொறுத்தே எடுங்கள்.